மே ஒன்றாம் தேதி எங்கே சாப்பிடுவது

ஏப்ரல் 3, புதன்

கடைகளில் பிளாஸ்டிக் பை கூடாது என்று சட்டம் வந்து, பார்சல் சாம்பாரைப் பழையபடி தூக்குவாளியில் வாங்க ஜனங்கள் கற்றுக்கொண்ட வருடம் இது. வண்ணாரப்பேட்டையிலிருந்து தேனாம்பேட்டைக்குப் பூமிக்கு அடியில் ரயில் விட்டார்கள். புழல் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஓட்டேரியில் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தரம்தான். பதினெட்டாம் தேதி ஓட்டு. இந்த வருடம் மே தின விருந்துக்கு இடம் பார்ப்பது என் முறை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதுவது என் மருமகள் தில்லைநாயகி. தையல் மெஷினை மூடிவிட்டுச் சாயங்காலம் அரைமணி நேரம் உட்காருகிறாள். நான் பேசுகிறபடி எழுதமாட்டாளாம். "நீங்க பேசுறத அப்படியே எழுதுனா படிக்கிறவங்க ஓடிருவாங்க மாமா. நான் புஸ்தகத் தமிழா மாத்திக்கறேன்" என்றாள். சரி என்றேன்.

எழுத வேண்டி வந்தது பொன்னுரங்கத்தின் காதால். போன வருடத்தோடு அவனுக்கு இரண்டு காதும் அடைத்துவிட்டது. காதுக்கு மிஷின் வைத்தால் தலைக்குள் லாரி ஓடுகிறது என்று கழற்றி எறிந்துவிட்டான். எந்த இடம், என்ன கிடைக்கும், ஏற எத்தனை படி என்று இடம் பார்க்கிறவன் மற்றவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். அவனுக்குக் கேட்காது, ஆனால் படிப்பான். எனக்குப் பேசத்தான் தெரியும். நடுவில் நாயகி.

மோகனாம்பாள் விலாஸ் எழும்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. நான் அங்கே நாற்பது வருடம் சர்வர். மே தினத்துக்கு லீவு என்று ஆன பிறகு, எழுபதாம் வருடத்திலிருந்து, நாங்கள் ஏழு பேர் அன்றைக்கு வேறு ஒரு ஹோட்டலுக்குப் போய் உட்கார ஆரம்பித்தோம். வருடம் பூராவும் நிற்கிறவர்கள் ஒருநாள் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சில விதிகள் வைத்தோம். தன் தட்டைத் தானே எடுக்கக் கூடாது. ஆளுக்கு ஒரு பண்டத்தையாவது "ஆறிப்போச்சு" என்று திருப்பி அனுப்ப வேண்டும். இடம் பார்க்கிறவன் முன்னாடியே போய்த் தின்று பார்க்க வேண்டும். மூன்று பேருக்குக் குறைந்தால் விருந்து கிடையாது. கடைசி விதியைச் சிரித்துக்கொண்டே வைத்தோம். அப்போது எங்களில் மூத்தவனுக்கே முப்பது.

இப்போது சரியாக மூன்று பேர் இருக்கிறோம். காபி மாஸ்டர் பொன்னுரங்கம். அவனுக்குக் காதோடு பல்லும் இல்லை. தோசை மாஸ்டர் சுயம்புலிங்கம். சர்க்கரையில் வலது காலில் இரண்டு விரலை எடுத்தாயிற்று, படி ஏற முடியாது. மூன்றாவது நான், சோணமுத்து. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

பெரிய இடத்தை முதலில் பார்த்துவிடுவோம் என்று அண்ணாசாலைப் பக்கம் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குப் போனேன். தலைப்பாகை கட்டிய வாசல்காரர் கதவைத் திறந்து வணக்கம் சொன்னார். படி கிடையாது, சரிவுதான். சுயம்புவுக்கு நல்லது. சர்வர் தண்ணீரை வலது பக்கமாக வைத்தார், முதுகைக் காட்டாமல் நகர்ந்தார். நல்ல இடத்தில் பழகியவர். காபி முந்நூற்று ஐம்பது. பொன்னுரங்கம் அதைக் குடித்தால் அடித்துவிடுவான்.

ஆனால் சாப்பாடு என்றால் நாமே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமாம். ஒரு ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு. எடுத்துப் போட்டுக்கொள்வதற்கா வருடத்தில் ஒருநாள் லீவு? யாரிடம் போய் ஆறிப்போச்சு என்று சொல்வது?

இது ஆகாது.

ஏப்ரல் 6, சனி

லாரி வந்தது. எட்டுக் குடம். எங்கும் போகவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் அம்மா உணவகம். இட்லி ஒரு ரூபாய். பூப்போல இருந்தது, பல்லில்லாதவனுக்கு ஏற்றது. ஆனால் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். நிற்பதற்கு நாங்கள் வேலைக்கே போயிருக்கலாம்.

மதியம் திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ். தொண்ணூறு ரூபாய்க்கு வயிறு நிறைய. ரசம் இரண்டு கை வாங்கிக் குடித்தேன். மாடியில் இருக்கிறது, இருபத்து மூன்று படி. தண்ணீர்ப் பஞ்சத்தால் கை கழுவ ஆளுக்கு ஒரு டம்ளர் அளந்து ஊற்றுகிறார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சாயங்காலம் பாரிமுனையில் பர்மாக்காரர்கள் போடும் அத்தோ. நூல் நூலாக, முட்டையும் பூண்டும் போட்டு. நன்றாகத்தான் இருந்தது. பொன்னுரங்கம் மென்று முடிப்பதற்குள் அடுத்த மே தினம் வந்துவிடும்.

அப்புறம் குளிர்சாதனம் போட்ட ஒரு டிபன் ஹோட்டல். சர்வர் கையில் ஒரு சின்னப் பெட்டி. நாம் சொல்லச் சொல்ல அதைத் தட்டுகிறார். நான்கு பண்டம் சொன்னேன், மூன்றுதான் வந்தது. நான் பதினெட்டு மேசையைத் தலையில் வைத்திருந்தவன். யார் என்ன கேட்டார்கள், எந்தத் தோசைக்கு வெங்காயம் வேண்டாம், யார் பாதியில் எழுந்து போனார்கள், எல்லாம். கல்லாவில் முதலாளி என்னைக் கேட்டுத்தான் பில் எழுதுவார். "சோணமுத்து சொன்னா எழுதிவெச்ச மாதிரி" என்பார். எழுதத் தெரியாதவனுக்குக் கிடைத்த பேர் அது.

ஏப்ரல் 10, புதன்

சுயம்புவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கால் மறுபடியும் பழுத்துவிட்டது. பொன்னுரங்கத்தையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"என்னவே, எடம் பாத்தாச்சா?" என்றான் சுயம்பு, நாங்கள் உட்காருவதற்குள்.

"பாத்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணும் ஒத்துவரல."

"படி இல்லாத எடமாப் பாரும். மே ஒண்ணுக்குள்ள எனக்கு இந்தக் காலே இருக்குமோ என்னமோ."

"இன்னா சொல்றான்?" என்று பொன்னுரங்கம் கத்தினான். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா உதட்டில் விரலை வைத்தார். அவரைப் பார்த்தும் "இன்னாம்மா சொல்றே?" என்றான்.

சுயம்பு சிரித்தான். சிரித்து அடங்க நேரம் ஆயிற்று. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "சோணமுத்து, நாலு நாக்காலி போட்ட மேசைல மூணு பேரு உக்காந்தா ஒண்ணு சும்மா கெடக்குல்லா. பிரகாசத்தக் கூப்பிடும்."

நான் போர்வையை அவன் காலுக்கு மேலே இழுத்துவிட்டேன்.

"ராயபுரத்துல மக வீட்டுல இருக்கான். போன வருசம் கண்ணாஸ்பத்திரில பாத்தேன். மாதாகோயில் பின்பக்கச் சந்து, பச்சக் கதவு. மொத ரெண்டு வருசம் நம்மகூட உக்காந்தவன்தானவே."

பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 11, வியாழன்

பிரகாசம் யார் என்று நாயகி கேட்டாள். ஞானப்பிரகாசம். என்னைவிட மூன்று வயது இளையவன், என்னோடு வேலை பார்த்த சர்வர். சாராயக்கடை திறந்த எழுபத்தொன்றாம் வருடம், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள், சாம்பார் வாளியை மூடாமல் வைத்துவிட்டான். பல்லி விழுந்துவிட்டது. ஆறாம் நம்பர் மேசையில் ஒரு குடும்பத்துக்கு ஊற்றினான். அந்த அம்மாவுக்கும் குழந்தைக்கும் வாந்தி. அன்றைக்கே முதலாளி அவனை நிறுத்திவிட்டார். நல்ல பையன்.

இவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. சுயம்பு காலையில் போய்விட்டான்.

ஏப்ரல் 16, செவ்வாய்

நேற்று கொரட்டூரில் சுயம்புவை எடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் பொன்னுரங்கம் இரண்டு விரலைக் காட்டினான். நான் மூன்று விரலைக் காட்டினேன். அவன் தலையை ஆட்டி மறுபடியும் இரண்டைக் காட்டினான். கணக்கு அவன் பக்கம்தான் சரி. மூன்று பேருக்குக் குறைந்தால் விருந்து கிடையாது.

நாற்பத்தொன்பது வருடமாக ஒரு மே தினம்கூடத் தவறவில்லை. என் முறையில் அது நிற்கக் கூடாது. அதனால் பிரகாசத்தை அழைக்கப் போகிறேன். விதிக்காகத்தான். வேறு காரணம் இல்லை.

"வேற காரணம் இருக்குன்னு நான் கேக்கவே இல்லியே மாமா" என்கிறாள் நாயகி. அதையும் எழுதுகிறாளாம். எழுதட்டும்.

ஏப்ரல் 18, வியாழன்

ஓட்டுப் போட்டுவிட்டு, மை காய்வதற்குள் ராயபுரம் பஸ் ஏறினேன்.

பச்சைக் கதவைத் திறந்தது அவன் மகள் ஸ்டெல்லா. ஐம்பது வயதை நெருங்குகிறவள். பிரகாசம் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மோகனாம்பாளில் நின்றபோது இருந்த அதே ஒல்லி உடம்பு. என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நின்றான். முதலாளி உள்ளே வந்தால் நிற்போமே, அப்படி.

"சோணண்ணே. எப்படி இருக்கீங்க."

துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றிருக்கிறான். மனைவி இல்லை. நான் சுயம்பு போன செய்தியைச் சொன்னேன், விருந்தைச் சொன்னேன், வா என்றேன்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. நான் ஓட்டல் வாசல மிதிக்கிறதில்ல."

"கோவமா?"

"யார் மேல கோவம்? செஞ்சது நான்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. மொதலாளி கேட்டப்ப, நான் மூடித்தான் வெச்சேன்னு நெனச்சேன். மூடி விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஆனா நீங்க, பிரகாசம்தான் மூடாம வெச்சான், பத்தரை மணிக்குன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா அது தப்பா இருக்குமா? அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, என் நெனப்பு சரியில்லன்னு."

ஸ்டெல்லா டீ கொண்டுவந்தாள். "அப்பா வெளியில ஒரு வடைகூட திங்கமாட்டாருங்க. எங்களையும் திங்க விட்டதில்ல. ஸ்கூல்ல மாமல்லபுரம் கூட்டிட்டுப் போனாங்க, எல்லாரும் ஐஸ் வாங்குனாங்க, நான் மட்டும் டிபன் டப்பாவோட உக்காந்திருந்தேன். என் கல்யாணப் பந்தியில கரண்டியத் தொடமாட்டேன்னுட்டாரு."

"அந்தக் கொழந்தைய ஜி.எச்.சுக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க" என்றான் பிரகாசம். "அதோட சரி. என்னாச்சுன்னு நான் கேக்கல. கேக்க பயம். நாலு வயசு இருக்கும். ஸ்டெல்லாவுக்கு நாலு வயசான வருசம் எனக்குத் தூக்கமே இல்ல."

டீ நன்றாக இருந்தது. அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். மறுபடியும் வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஏப்ரல் 20, சனி

இன்றைக்கும்.

ஏப்ரல் 22, திங்கள்

இதுவரை எழுதியதைப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தேன். இடங்களைப் படிக்கத்தான் கொடுத்தேன். சிந்தாதிரிப்பேட்டையில் அவன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தான். முந்நூற்று ஐம்பது ரூபாய் காபிக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அத்தோவுக்குச் சிரித்தான். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது.

"இன்னாபா இது. 'சாம்பார் வாளியை மூடாமல் வைத்துவிட்டான்'. யாரு?"

நான் தெருப் பக்கம் திரும்பினேன். பேசினாலும் அவனுக்குக் கேட்காது.

"நா காபி கவுண்டர்ல நின்னுகினு இருந்தேன். நேர் எதுருல அலமாரி. வாளிய கீய் தட்டுல திறந்த மேனிக்கு வெச்சுட்டு, பத்து காபின்னு என்னாண்ட ஓடியாந்தது நீ. பிரகாசம் வாளி மேல் தட்டுல மூடியோட இருந்துச்சு. அவன் அவசரத்துல எத்துகினு போனது உன் வாளிய."

அவனுக்குக் காது இல்லை. எனக்கு எழுத்து இல்லை. நாயகி ஓட்டேரியில் இருந்தாள். பொய் சொல்லவும் வழியில்லை.

"வாயால சொன்னது அன்னிக்கே பூட்ச்சு. இத்த எய்தி வெச்சிக்கிறியே, இது குந்திகினு இருக்கும்பா" என்று நோட்டைத் தட்டினான். பிறகு, அவனுக்கே கேட்காத சின்னக் குரலில் பேசினான். "நானும் சொல்லல. எனக்கும் மூணு கொயந்த. வேல போய்டும்னு பயம். உன்ன மட்டும் குத்தம் சொல்ல நா யாரு."

நோட்டை மடித்து என் கையில் கொடுத்தான். தெருவில் ஒரு ஆட்டோக்காரர் எங்கள் இருவரையும் சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி என்று நினைத்து, "விடுங்க பெரியவரே" என்றார்.

ஏப்ரல் 23, செவ்வாய்

நாயகி, பதினொன்றாம் தேதி எழுதியதை அடிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். இதைக் கீழே எழுது.

மூடாமல் வைத்தது நான். மோகனாம்பாள் விலாஸில் சாம்பார் வாளியைக் கீழே வைத்தால் மூடி போட்டுத்தான் வைக்க வேண்டும். முதல் நாள் வேலைக்கு வருகிறவனுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம் அது. நான் அன்றைக்கு மறக்கவில்லை. மறந்தேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய். பத்துக் காபி மேசை கூப்பிட்டது, ஒரு நிமிஷம்தானே என்று வைத்தேன். மூடி என் இடது கையில் இருந்தது. எனக்கு எல்லாம் நினைவு இருக்கிறது.

முதலாளி யார் யார் என்று கேட்டார். பிரகாசம் மூடித்தான் வைத்த நினைப்பு என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிரகாசம் என்றேன். வெறுமனே சொன்னால் போதும். பத்தரை மணி என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பத்தரை மணிதான் அவனை முடித்தது. மணியோடு சொல்கிறவன் பொய் சொல்வான் என்று யாரும் நினைப்பதில்லை. அவனே நினைக்கவில்லை.

நாயகி பேனாவை வைத்துவிட்டாள். "மாமா, இத எழுதணுமா? அந்தச் சாம்பார் சாப்பிட்டவங்கள்லாம் இருக்காங்களோ இல்லியோ. இப்ப இது யாருக்கு?"

அவன் நாற்பத்தெட்டு வருடமாக ஒரு வடை தின்னவில்லை, எழுது என்றேன்.

எழுதினாள். என்னோடு சரியாகப் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் குழம்பை மட்டும் நகர்த்தி வைத்தாள்.

ஏப்ரல் 25, வியாழன்

இனி வேறு மாதிரி இடம் வேண்டும். விலையும் படியும் அப்புறம். அடுப்பு கண்ணெதிரே இருக்க வேண்டும், எல்லாப் பாத்திரத்துக்கும் மூடி இருக்க வேண்டும், பிரகாசம் வீட்டிலிருந்து நடக்கிற தூரமாக இருக்க வேண்டும். ராயபுரத்தில் இன்று ஒன்பது கடை பார்த்தேன். அதில் ஏழில் சாம்பார் மட்டும் வாங்கினேன். மூன்றில் மூடி இல்லை. இரண்டில் மூடி இருந்தது, பக்கத்தில் கிடந்தது. ஒன்றில் அடுப்பு பின்கட்டில். பிரியாணிக்கடை இரண்டு, வாசனையே சாட்சி, ஆனால் அவனை முதல் நாளே அங்கே உட்காரவைக்க முடியாது.

ஒன்பதாவது, பேர்ப்பலகை இல்லாத டிபன் கடை. லூர்துமேரி என்கிற அம்மாள் நடத்துகிறார். மூன்று மேசை, அடுப்பு வாசலிலேயே. ஒரு கரண்டி எடுத்ததும் மூடியைப் பட்டென்று போடுகிறார். நான் அரைமணி நேரம் நின்று எண்ணினேன். ஒருதரம்கூடத் தவறவில்லை. இட்லி பத்து ரூபாய். சாம்பாரில் முருங்கைக்காய் கரைந்திருந்தது.

"மே ஒண்ணாந்தேதி மூணு பேரு வருவோம்மா."

"அன்னிக்கி லீவு. ஏன், நாங்க மட்டும் தொழிலாளி இல்லியா?"

உட்கார்ந்து எங்கள் கதையைச் சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன். ஏழு பேரையும், விதிகளையும், நின்றே போன வருடங்களையும்.

"ரெண்டு மணி நேரம் தொறக்கிறேன்" என்றார் கடைசியில். "ஆனா ஆறிப்போச்சுன்னு யாராச்சும் திருப்பி அனுப்புனீங்க, கரண்டி பறக்கும்."

ஏப்ரல் 26, வெள்ளி

பிரகாசம் வரமாட்டேன் என்றான்.

ஏப்ரல் 27, சனி

வரமாட்டேன் என்றான். டீ கொடுத்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கோயிலுக்குப் போயிருந்தான். வாசலில் காத்திருந்தேன். "ஏண்ணே இந்த வெயில்ல" என்றான். மூன்று பேர் இல்லாவிட்டால் விருந்து கிடையாது என்றேன். "நான் அந்தக் கணக்குல இல்லண்ணே" என்றான்.

வீட்டிலேயே சொல்லிவிட்டால் என்ன என்று நாயகி கேட்கிறாள். ஐந்து நாளில் இன்றுதான் தானாகப் பேசினாள். சொல்லலாம். ஹோட்டலில் சொன்ன பொய்யை ஹோட்டலில் வைத்து எடுக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பொன்னுரங்கமும் பக்கத்தில் இருக்க வேண்டும். என் நினைவை நம்பித்தான் அவன் கெட்டான். மறுபடியும் என் ஒருவன் வாயை மட்டும் நம்பு என்று எப்படிச் சொல்வது?

ஏப்ரல் 29, திங்கள்

இன்று உள்ளே போகவில்லை. ஸ்டெல்லாவிடம், அவன் சாப்பிட வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும், தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சந்து முனைக்கு வருவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். அவள்தான்.

"நான் கூட்டிட்டு வரேன் மாமா. எனக்கு ஒரு ஐஸ் பாக்கி இருக்கு."

மே 1, புதன்

பத்து மணிக்குப் பொன்னுரங்கம் ஆட்டோவில் வந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, விபூதி. லூர்துமேரி அம்மாள் மூன்றில் ஒரு மேசையை மட்டும் போட்டு, மற்றதைச் சுவரோரம் தள்ளியிருந்தார். பத்தே காலுக்கு ஸ்டெல்லா அப்பாவைக் கொண்டுவந்து விட்டாள். அவன் வாசலில் நின்று அடுப்பைப் பார்த்தான், பாத்திரங்களைப் பார்த்தான், மூடிகளைப் பார்த்தான். பிறகு வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

இட்லி வந்தது. அவனுக்கும் வைத்தார்கள். அம்மாள் சாம்பாரை ஊற்றி மூடியைப் பட்டென்று போட்டார். அந்தச் சத்தத்துக்கு அவன் தோள் குலுங்கியது.

நான் ஒரு விள்ளல்கூட எடுக்கவில்லை. எடுத்தால் சொல்லமுடியாமல் போய்விடும்.

"பிரகாசம், மூடாம வெச்சது நான். நீ மூடின. உன் வாளி மேல் தட்டுல மூடியோட இருந்துச்சு. நீ எடுத்துட்டுப் போனது என் வாளி. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் உன் பேரச் சொன்னேன்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பொன்னுரங்கம் எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சொல்ட்டானா?" என்று கத்தினான். சந்தில் போனவர்கள் நின்றார்கள். "நா பாத்தேன்பா பிரகாசம். கவுண்டர்லருந்து நானும் பாத்தேன். ரெண்டு பேருமா சேந்துதான் உன்னிய அனுப்புனோம்."

பிரகாசம் எழுந்தான். போய்விடுவான் என்று நினைத்தேன். கை கழுவுகிற இடத்துக்குப் போனான். அங்கே ஒரு வாளித் தண்ணீரும் குவளையும் இருந்தன. குவளையில் மொண்டு, கையில் ஊற்றிக்கொண்டு, மறுபடியும் மொண்டு, மறுபடியும்.

"தண்ணியப் பாத்து ஊத்துங்க பெரியவரே" என்றார் லூர்துமேரி அம்மாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, ஊத்துங்க" என்றார்.

திரும்பி வந்தவன் உட்காரவில்லை. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப அந்த மூடிச் சத்தம் எனக்குக் கேட்டது நெசந்தான்."

"நெசம்."

"நாப்பத்தெட்டு வருசம் என் காத நான் நம்பல." குரல் உயரவில்லை. "வீட்டக் கதவப் பூட்டிட்டு நாலு தடவ திரும்பிப் போய் இழுத்துப் பாப்பேன். துறைமுகத்துல எண்ணுன மூட்டைய இன்னொருத்தன எண்ணச் சொல்லுவேன். கேலி பண்ணுவானுங்க. எல்லாம் நீங்க சொன்ன ஒரு வார்த்தையில."

"ஆமா."

"உங்கள அடிக்கணும் போல இருக்கு."

"அடி."

அவன் அடிக்கவில்லை. ஸ்டெல்லா வாசலில் நின்றபடி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு தட்டைப் பார்த்தான்.

"மூடி யாரோடது வேணா இருக்கட்டும். ஊத்துனது என் கைதான். அந்தக் கொழந்த என்னாச்சு?"

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னியிலருந்தே தெரியும். மறுநாள் நான் ஜி.எச்.சுக்குப் போனேன். அப்புறமும் விட்டதில்ல. உன்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். அதுக்கு உன் வாசல்ல நின்னு மீதியையும் சொல்ல வேண்டி வரும். அதான் வரல."

இதைக் கேட்டு அவன் முகம் போன போக்கை நான் எழுதச் சொல்லமாட்டேன். முன்னால் சொன்னதைவிட இதுதான் அவனுக்குப் பெரியதாக இருந்தது. கடைசியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்க. ஒருத்தர் விடாம சொல்லுங்க."

"ஆறாம் நம்பர் மேசைல நாலு பேரு. சாம்பார் ஊத்துனது நாலு பேருக்கும். அப்பா கோதண்டபாணி, ரயில்வே ஆபீஸ் கிளார்க், அயனாவரம் குவார்ட்டர்ஸ். அவருக்கு ஒண்ணும் ஆகல. ஒரு மாசத்துல மறுபடியும் காபிக்கு வந்துட்டாரு. கார்கில் சண்டை நடந்த வருசம் மார்வலியில போனாரு. எழுபத்து ரெண்டு வயசு. அவர எடுத்தப்ப நான் அங்கதான் இருந்தேன். அம்மா ருக்குமணி. ரெண்டு தடவ வாந்தி, சாயங்காலமே எழுந்து உக்காந்துட்டாங்க. சுனாமி வந்த வருசம், ஆடி மாசம், தூக்கத்துல. பையன் ரகுநாதன். அன்னிக்கி அவன் தட்டத் தொடவே இல்ல, பூரிதான் வேணும்னு அழுதுக்கிட்டு இருந்தான். பேங்க்குல வேல பாத்தான். வெள்ளம் வந்த வருசம் கிட்னி பழுதாகிப் போனான். சாம்பாருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, டாக்டரையே கேட்டேன்."

"கொழந்த" என்றான் பிரகாசம்.

"மறுநாள் காலையில நான் போனப்ப ஜி.எச். கட்டில்ல உக்காந்து பன்னு தின்னுக்கிட்டு இருந்துச்சு. வில்லிவாக்கத்துல டீச்சரா இருக்கு. ரெண்டு பொண்ணு, பெரியவளுக்குப் போன தை மாசம் கல்யாணம். அந்த நாலு பேருல இன்னிக்கும் உசுரோட இருக்கிறது அது ஒண்ணுதான். பேரு சுலோசனா."